எந்தக் குளவி?

"குளவிக் கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி." மலையகச் செய்திகளைப் பின்தொடர்கிற யாருக்கும் இந்தத் தலைப்பு மனப்பாடமாக இருக்கும். தோட்டத்தின் பெயர் மாறும். தொகை மாறும்: ஐந்து பேர், எட்டுப் பேர், பதினொரு பேர். நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மாவட்டமும் மாறும். மாறாதது இரண்டு. கொட்டு வாங்கியவர்கள் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றவர்கள். கொட்டியது குளவி. நாங்களும் அழுகிற எமோஜி ஒன்றைப் போட்டு ஷெயார் பண்ணிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். எந்தக் குளவி என்று யாரும் கேட்பதில்லை.

என்னிடம் அதைக் கேட்டது கெம்பஸில் என்னோடு அறையில் இருக்கும் சிங்களத் தோழி. எங்கள் சித்தி இறத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் காலை, பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் முன்னால், அவர் நின்ற மலையில் கூடு கலைந்து ஆறு பேருக்குக் கொட்டியது. சித்திக்குத்தான் கூட. அம்மா போனில் சொன்னதை நான் தோழிக்கு அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவள் உடனே, "பம்பருத, தெபருத?" என்றாள்.

சிங்களத்தில் இது சாதாரணக் கேள்வி. பம்பர என்றால் பாறையிலும் பெரிய மரத்திலும் ஒரே தட்டாகக் கூடு கட்டுகிற பெரிய தேனீ. தெபர என்றால் குளவி. இவை போக, மரப்பொந்தில் இருக்கிற சாதாரணத் தேனீக்கு மீமெஸ்ஸா, சின்னக் கிளையைச் சுற்றிச் சின்னத் தட்டுக் கட்டுகிற குட்டித் தேனீக்கு தண்டுவெல், கொட்டவே தெரியாத கொசு அளவுத் தேனீக்கு கணமீ. ஊரில் மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும் என்றாள் அவள். நான் "குளவி" என்றேன். அவள் மறுபடியும், "அதுதான், எது?" என்றாள்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்லுவார் என்று நினைத்தால், அம்மா ஒரு பெரிய பிரசங்கமே வைத்தார். "சவுக்கு மரத்துல அடை அடையாத் தொங்குமே, கருப்பாப் போர்வை போத்துன மாதிரி, அது தேன்குளவி. பானையக் கவுத்து வச்ச மாதிரி சாம்பல் கலர்ல உருண்டையா இருந்தா அது வேற. அது மஞ்சப் பட்டி போட்டது. அம்மாயி இருந்தப்ப அதக் கடந்தைன்னுதான் சொல்லும். தேயிலச் செடிக்குள்ளயே உள்ளங்கை அளவு கட்டியிருக்கும் பாரு, அது சும்மா ரெண்டு கொட்டு கொட்டிட்டுப் போயிரும்." ஆக, சொல் இல்லாமல் இல்லை. மலையில் நிற்கிறவர்களிடம் வகைகள் இருக்கின்றன. அவை பேப்பருக்கு வரும்போதுதான் எல்லாம் சேர்ந்து ஒரே குளவியாகி விடுகின்றன.

கடந்தை என்கிற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் சில பக்கங்களில் கடந்தை, கடந்தல் என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் செய்திகளில் "கதண்டு கடித்து" என்று வரும். அம்மாயியின் அப்பா அம்மா கடல் தாண்டி வரும்போது இந்தச் சொல்லையும் மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். லயத்தில் இரண்டு தலைமுறை தாண்டி, அம்மாயியோடு போய்விட்டது.

இனி அந்த வைத்தியசாலை அட்டை. எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமில்லை. சித்தியின் அட்டையில் ஆங்கிலத்தில் குளவிக் கொட்டு என்றுதான் எழுதியிருந்தது. அந்த "வாஸ்ப்" என்கிற சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், சித்தியை லொறியில் ஏற்றும் முன் அம்மா அவருடைய கழுத்திலிருந்தும் மண்டையிலிருந்தும் முள்ளுகளைப் பிடுங்கி எடுத்திருக்கிறார். "இருவதுக்கு மேல எடுத்தேன், எண்ணிக்கிட்டா இருக்க முடியும்" என்றார். குளவி முள்ளை விட்டுவிட்டுப் போகாது. முள்ளை உடம்பிலேயே விட்டுவிட்டுப் போவது தேனீ.

நான் கலைப்பீடத்து ஆள். ஆத்திரப்போடா என்ற சொல்லைப் பத்தாம் ஆண்டோடு கைகழுவியவள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்துக்காகப் பழைய விஞ்ஞானப் புத்தகத்தைத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது. இணைக்கவர்ச் சுட்டி ஞாபகமிருக்கிறதா? கால் உண்டா, இல்லையா. உண்டென்றால் ஆறா, எட்டா, அதற்கும் மேலா. ஆறென்றால் சிறகு உண்டா, இல்லையா. ஒவ்வொரு தடவையும் இரண்டே வழி. ஒன்றைத் தெரிந்து போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு பெயரில் போய் முட்டும். பரீட்சைக்குப் பாடமாக்கும்போது அலுப்பாக இருந்த அதே விஷயம், சித்தியின் கழுத்தை நினைத்துக்கொண்டு வாசிக்கும்போது அலுக்கவில்லை.

பெயரை வைத்து ஏமாறக்கூடாது என்பதற்கு எங்கள் மலையிலேயே நல்ல உதாரணம் அட்டை. மழைக்குக் காலில் ஏறி இரத்தம் குடிக்கிறதும் அட்டைதான், தொட்டால் சுருளுகிற மரவட்டையும் பெயரளவில் அட்டைதான். ஆனால் இரத்தம் குடிக்கிறதுக்குக் காலே இல்லை. அது மண்புழுவின் சொந்தம். மரவட்டைக்கு உடம்பின் அநேகமான துண்டங்களில் இரண்டு சோடிக் கால்கள். பூரானுக்கு ஒரு துண்டத்துக்கு ஒரு சோடி மட்டும், அதோடு முன்னங்காலே நஞ்சுக் கொடுக்காக மாறியிருக்கும். மரவட்டை ஆபத்தில்லை, பூரான் கடித்தால் வலி உயிர் போகும். கால் எண்ணத் தெரிந்த பிள்ளை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த பிள்ளை.

வகைப்படுத்துவது வெள்ளைக்காரன் சொல்லித் தந்த வித்தை என்று நினைக்கிறவர்கள் தொல்காப்பியத்து மரபியலை ஒருக்கால் பார்க்கலாம். அங்கே உயிர்களை அறிவின் கணக்கில் பிரிக்கிறார்கள். கறையானும் எறும்பும் மூன்றறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. வகுப்பில் இதைப் படித்தபோது நண்டுக்கும் தும்பிக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வாங்கில் சிரிப்பு. இன்றைய விலங்கியலும் நண்டையும் தும்பியையும் ஒரே கணத்தில்தான் வைத்திருக்கிறது. அதன் காரணம் வேறு: வெளியே கடினமான புறவன்கூடு, துண்டம் துண்டமான உடம்பு, மூட்டுள்ள கால். எறும்பும் அதே கூட்டம்தான். கடைசியில் எறும்பு, தேனீ, குளவி மூன்றும் ஒரே வரிசைக்குள் வருகிற நெருங்கிய சொந்தக்காரர். உடம்பின் நடுவே ஒடுங்கின இடுப்பு அந்தக் குடும்ப அடையாளம்.

சொந்தத்துக்குள் தேனீயையும் குளவியையும் எப்படிப் பிரிப்பது? முதலில் மயிர். தேனீயின் உடம்பு முழுக்க மயிர். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் மரக்கிளை மாதிரிப் பிரிந்திருக்கும். மகரந்தம் ஒட்டுவதற்கான ஏற்பாடு. குளவிக்கு மயிர் குறைவு, உடம்பு வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கும். தேனீக்கு இடுப்பு இருந்தாலும் மயிருக்குள் மறைந்துவிடும். குளவிக்கு அது கயிறு போட்டு இறுக்கினது போல் தெரியும். பிறகு பின்னங்கால். தேனீயின் பின்னங்கால் தட்டையாக அகன்று, மகரந்தத்தை உருட்டி வைக்க ஒரு குழியோடு இருக்கும். எங்கள் ஆட்கள் முதுகில் கூடை போடுவார்கள், தேனீ காலில் போட்டிருக்கிறது. குளவியின் கால் மெலிந்து நீண்டது. அது புழு பூச்சி பிடிக்கிற வேட்டைக்காரி, கூடை வேண்டாம். சும்மா இருக்கும்போது சிறகைப் பாருங்கள்: கடந்தை வகைக் குளவிகள் முன்சிறகை நீளவாக்கில் விசிறி மடிக்கிற மாதிரி மடித்து வைத்திருக்கும், தேனீ மடிக்காது. இன்னொன்று, தேனீ மாதிரியே மஞ்சளும் கறுப்புமாக வேஷம் போட்டு ஒரு ஈ வகை உண்டு. அதற்கு ஒரு சோடிச் சிறகுதான். கொட்டாது.

இலங்கை வைத்தியர்கள் கொட்டுகளைப் பற்றி எழுதும்போது அதிகமாக அடிபடுகிற பெயர்கள் இரண்டு. ஒன்று ஏபிஸ் டோர்சாட்டா, தோழியின் பம்பர, அம்மாவின் தேன்குளவி. 1793இல் ஃபப்ரிசியஸ் இதற்குப் பெயர் வைத்தார். கிட்டத்தட்ட இரண்டு சென்ரிமீற்றர் நீளம், புகை பிடித்த மாதிரிச் சிறகு, வயிற்றின் முன்பக்கம் பொன்னிறம், பின்னால் கறுப்பு. கூடு ஒரே தட்டு, மூடி கிடையாது, சில வேளை ஒரு மீற்றர் அகலம். அந்தத் தட்டைத் தேனீக்களே போர்வை மாதிரி மூடிக்கொண்டிருக்கும். கிட்ட எதிரி வந்தால் அந்தப் போர்வையில் அலை அலையாக ஒரு மினுக்கம் ஓடும்; வயிறுகளை வரிசையாகத் தூக்கிக் காட்டுகின்றன. இரண்டாவது வெஸ்பா அஃபினிஸ், அம்மாயியின் கடந்தை. உடம்பு கருமை, வயிற்றின் முதல் இரண்டு துண்டங்களில் மட்டும் அகலமான மஞ்சள் பட்டி. மரநாரை மென்று கடதாசி செய்து, பானை மாதிரி மூடின கூடு கட்டும்.

முள்ளுக்கு வருவோம். கொட்டும் முள் என்பது முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது. ஆகவே ஆண் தேனீக்கும் ஆண் குளவிக்கும் கொட்ட வராது, கொட்டுகிறதெல்லாம் பெண்கள். கொட்டு வாங்குகிறதும் அநேகமாகப் பெண்கள்தான் என்பது தோட்டத்துக் கதை. தேனீயின் முள்ளில் தூண்டில் மாதிரிப் பின்பக்கம் நோக்கின செதில்கள் இருப்பதால், நம்முடைய தோலில் மாட்டிக்கொள்ளும். தேனீ பறக்கும்போது முள், நஞ்சுப் பை, அதை இயக்குகிற தசை எல்லாம் பிய்ந்து நம்மிடமே தங்கிவிடும். தேனீ செத்துப்போகும். ஆனால் பை தொடர்ந்து நஞ்சை இறைத்துக்கொண்டே இருக்கும், பெரும்பகுதி முதல் இருபது செக்கனுக்குள்ளேயே இறங்கிவிடும். கூடவே வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று எழும்பும். அது மற்றத் தேனீக்களுக்கு "இங்கேதான், வா" என்கிற அழைப்பு. தேனீக் கூட்டம் ஏற்கனவே கொட்டு வாங்கினவரையே திரும்பத் திரும்பத் தேடிப் பிடிப்பது இதனால்தான். குளவியின் முள் அப்படி மாட்டாது. ஒரே குளவி நாலு தடவையும் கொட்டும், முள்ளை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சித்தியின் கழுத்தில் இருபதுக்கு மேல் முள். அட்டையில் வேறு பெயர்.

இதனால் என்ன, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தானே என்று வீட்டில் கேட்டார்கள். பாதி சரி. மூச்சு இறுகினால், முகம் வீங்கினால், தலை சுற்றி விழுந்தால், எது கொட்டினாலும் உடனே வைத்தியசாலை, உடனே அட்ரினலின் ஊசி. நிறையக் கொட்டு என்றால் அந்த நேரம் ஒன்றும் தெரியாவிட்டாலும் போக வேண்டும். தசை கரைந்து, பிறகு சிறுநீரகம் பழுதாகலாம். இதில் பெயர் பார்க்க நேரமில்லை. மற்றப் பாதிதான் பிரச்சினை. தேனீ நஞ்சும் குளவி நஞ்சும் ஒன்றில்லை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதுக்கும் இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்த தடவை சித்திக்கு எது ஆபத்து என்று சொல்ல வேண்டிய ஒரே கடதாசி அந்த அட்டை. முதலுதவியும் வித்தியாசப்படும். தேனீ என்றால் முள்ளை எடுப்பது முதல் வேலை. நகத்தால் சுரண்டணுமா, கிள்ளி எடுக்கலாமா என்று பெரிய வாதம் உண்டு. 1996இல் லான்செட்டில் வந்த ஒரு ஆய்வு, எப்படி எடுக்கிறோம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு கெதியாக எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று காட்டியது. எங்கள் லயத்தில் வழக்கம் முதலில் சுண்ணாம்பு தேடி ஓடுவது. சுண்ணாம்பு வந்து சேரும்போது பை காலி.

எல்லாவற்றையும் விட, கொட்டு நடக்காமல் தடுக்க வேண்டுமென்றால் பெயர் தேவை. பெருந்தேனீ இடம் மாறிப் போகும், திரும்ப வரும். வந்தால் அநேகமாகப் பழைய மரத்துக்கே, பழைய பாறைக்கே வரும். ஒரே மரத்தில் பல கூடுகள் தொங்குவதும் சாதாரணம். ஆக, மரம் தெரிந்தால் ஆபத்து தெரியும். தேன்பருந்து வந்து அடையைக் கொத்தினாலோ, காற்றுக்குக் கொப்பு முறிந்தாலோ, கீழே யாராவது புகை போட்டாலோ கூட்டம் இறங்கும். கடந்தைக் கூடு அப்படியில்லை. அது நேற்று இல்லாத இடத்தில் நாலு கிழமையில் வளர்ந்து நிற்கும், பற்றையாகிக் காடேறின மலையில் கண்ணுக்கும் படாது. ஒன்றுக்கு மரத்தைக் கவனிக்க வேண்டும், மற்றதுக்குப் பற்றையை வெட்ட வேண்டும். "குளவி" என்று மட்டும் எழுதி வைத்தால் இரண்டும் நடக்காது. கடைசியில் இரவில் போய்க் கொளுத்துவதுதான் நடக்கும்.

எங்கள் மாவட்டத்திலேயே இந்தப் பூச்சிக்குப் பயந்து ஒழுங்கு செய்து வைத்திருக்கிற ஒரு இடம் சீகிரியா. பாறை முகத்தில் பெருந்தேனீக் கூடுகள் தொங்குவதைக் கீழே இருந்தே பார்க்கலாம். சத்தம் போடாதீர்கள், அசையாமல் இருங்கள் என்று அறிவித்தல் பலகைகள். சிங்கப் பாதம் இருக்கும் மேடையில் ஓடி ஒளிய ஒரு கம்பிவலைக் கூண்டு. ஆங்கிலப் பலகை அதை "ஹோர்னட்" என்கிறது. அது கடந்தைக்கு உரிய பெயர். உலக மரபுரிமைப் பட்டியலில் 1982 முதல் இருக்கிற இடத்திலேயே தேனீக்குக் குளவியின் பெயர் என்றால், சித்தியின் அட்டையைக் குறை சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அங்கே கூண்டாவது இருக்கிறது. ஏழாம் நம்பர் மலையில் ஓடி ஒளிய சித்திக்கு என்ன இருந்தது? படங்கு ஒன்று. அதை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தலையில் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தோட்டத்தில் பூச்சிகளை யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். 1861இல், கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களை மன்னாரில் இறக்கி தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடத்திக் கூட்டிவந்த காலத்தில், நீட்னர் என்ற ஜெர்மன்காரர் இலங்கையில் கோப்பி மரத்துக்கு எதிரிகள் யார் யார் என்று தேடித் தேடி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் பெயர் வைத்த ஒன்று இன்று தேயிலையில் எல்லாரும் "சிவப்புச் சிலந்தி" என்கிற பூச்சி. ஒரு மில்லிமீற்றரில் பாதி கூட இல்லாத அது, எட்டுக் கால் இருப்பதால் உண்மையிலேயே சிலந்திக்குச் சொந்தம்தான். குஞ்சாக இருக்கும்போது ஆறு கால், வளரும்போது எட்டாகும் என்பது வரை கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்பி நோய் வந்து அழிந்து தேயிலை வந்த பிறகும் அதன் விஞ்ஞானப் பெயரில் கோப்பி அப்படியே இருக்கிறது: ஒலிகோனைக்கஸ் கொஃபியே. தேயிலை இலையைச் சுருட்டுகிற புழுவின் அந்துப்பூச்சிக்கும் அதே 1861, அதே நீட்னர், அதே கோப்பி.

அவருக்குப் பிறகு இலங்கையிலேயே பிறந்த ஈ. ஈ. கிரீன் வந்தார். செடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற செதிற்பூச்சிகளைப் பற்றி மட்டும் 1896 தொடங்கி ஐந்து பாகங்கள் எழுதினார். கோப்பியைப் பிடித்த பச்சைச் செதிற்பூச்சிக்கு 1889இல் பெயர் வைத்தவரும் அவர்தான். 1925இல் தேயிலைக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1930களில் அந்த இலைச்சுருட்டிப் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த உதவிக்காரி யார் தெரியுமா? குளவி. மெக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்கிற மெல்லிய ஒட்டுண்ணிக் குளவி. புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று முடித்துவிடும். இன்று வரை இலங்கைத் தேயிலையின் பெரிய வெற்றிக் கதைகளில் ஒன்று அது. "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம்மவர்கள் சொல்கிற கதைக்குப் பின்னாலும் இதே மாதிரி ஒரு வேலைதான் நடக்கிறது. வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் அடைத்து முட்டையிடும். வெளியே வருவது மாறின புழுவல்ல, புழுவைத் தின்ற பிள்ளை.

அதாவது, தேயிலைச் செடியைக் கடிக்கிற பூச்சி என்றால் எத்தனை கால், எத்தனை துண்டம், எந்த நாட்டுக் குளவி அதைத் தின்னும் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தேடுகிறார்கள். தேயிலை பறிக்கிற ஆளைக் கொட்டுகிற பூச்சி என்றால் பேப்பருக்கும் அட்டைக்கும் ஒரு சொல் போதும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். செடிக்கு ஒரு நட்டம் என்றால் அது கணக்கில் ஏறும்; கணக்கில் ஏறுகிற நட்டத்துக்குப் பெயர் வேண்டும். சித்தி வேலைக்குப் போகாத பன்னிரண்டு நாளும் சித்தியின் கணக்கில் மட்டுமே ஏறின.

உடம்பைப் பார்த்துப் பெயர் வைப்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலைக் கொப்பைத் துளைக்கிற இரண்டு மில்லிமீற்றர் வண்டு ஒன்று உண்டு, தோட்டத்தில் "ஷொட் ஹோல்" என்பார்கள். 1868இல் இலங்கை மாதிரியை வைத்துத்தான் அதற்கு முதலில் பெயர் வைத்தார்கள். பிறகு உலகம் முழுக்க அதே மாதிரி வண்டு எங்கே கண்டாலும் அதே பெயர். 2018, 2019இல் டீ.என்.ஏயைப் பார்த்தபோது அது ஒரே இனமில்லை, கூட்டமாக நாலு இனங்கள் என்று தெரியவந்தது. கண்ணால் பார்த்தால் நாலும் ஒன்று; அளந்து பார்த்தாலும் ஒன்றின் அளவு மற்றதின் அளவோடு போய் மோதுகிறது. நிபுணருக்கே இந்த நிலைமை. தலையைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆளைப் பார்த்து, பின்னங்காலில் கூடை இருந்ததா, சிறகு மடித்திருந்ததா என்று கேட்க முடியாதுதான்.

அதனால்தான் அம்மாவின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் பூச்சியைப் பார்ப்பதில்லை, கூட்டைப் பார்க்கிறார். அடையாகத் தொங்குகிறதா, பானையாக மூடியிருக்கிறதா, செடிக்குள் உள்ளங்கை அளவா. மூன்றே கேள்வி, தூரத்திலிருந்தே கேட்கலாம், கொட்டு விழும் முன்னமே கேட்கலாம். கொட்டின பிறகென்றால் நாலாவது கேள்வி: முள் இருக்கிறதா?

போன லீவில் தோழியும் என்னோடு மாத்தளைக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஏ4 தாளில் மூன்று கூடும் வரைந்து, தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதினோம். தேன்குளவி, பம்பர. கடந்தை, தெபர. செடிக் குளவிக்கு ஆளுக்கொரு பெயர் சொன்னதால் படம் மட்டும். கீழே பெரிய எழுத்தில்: ஓடு, முகத்தை மூடு, கதவு உள்ள இடத்துக்குப் போ, முள் இருந்தால் உடனே எடு, எது கொட்டியது என்று வைத்தியரிடம் சொல்லு. கங்காணி ஐயா அதைக் கொழுந்து மடுவத்துச் சுவரில் ஒட்ட விட்டார். சித்தி பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குக் கூடு எப்படி இருக்கும்னு தெரியாதா? எந்த மலையில எந்த மரம்னு எழுதுங்கடி" என்றார்.

பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டி, நூலில் ஒரு பேனையும் கட்டிவிட்டோம். நேற்று அம்மா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஏழாம் நம்பர் மலை, பாறைக்கு மேலே உள்ள சவுக்கு, அடை மூன்று. பதினோராம் நம்பர், கானோரம், பானை ஒன்று. பழைய மருந்துக் காம்பராவுக்குப் பின்னால், மறுபடியும் அடை. இப்போதைக்கு ஆறு வரி இருக்கிறது, மூன்று பேருடைய கையெழுத்தில்.